‘முஸ்’ என்று எழுதிய வரி

தாளைத் திருப்பிப் பார்க்கிறேன், மார்க் இல்லை, பின்பக்கத்திலும் இல்லை. மேலே ஜெனோவா ராபின்சன் என்று என் பெயர், கீழே நான் எழுதியது முழுவதும் அப்படியே, சில வரிகளின் ஓரத்தில் மட்டும் பென்சிலால் ஒரு சின்னக் கோடு. சிவப்பு மை இருந்தால் நன்றாயிருக்கும். சிவப்பு மை என்றால் தப்பு எங்கே என்று தெரியும், வெட்டு விழுந்தது, முடிந்தது, தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிடலாம். இந்தக் கோடு ஒன்றும் சொல்லவில்லை, இந்த வரியில் ஏதோ இருக்கிறது, நீயே தேடு என்று நிற்கிறது. ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிற நித்திலா மேடம் பலகைக்கு முன்னால் நிற்கிறாள். மதுரைப் பெண், என்னைவிட ரொம்பச் சின்னவள், அவளை மேடம் என்று கூப்பிட எனக்கு வாய் வரவே கொஞ்ச நாளாயிற்று, அவளோ முதல் நாளே என்னை அக்கா என்றாள். “கோடு போட்ட வரியில தப்பு எதுன்னு நீங்களே கண்டுபிடிக்கணும். சரியானதை எழுதுறதுக்கு முன்னாடி, அந்தத் தப்பை ஏன் செஞ்சேன்னு எழுதணும். கவனக்குறைவுன்னு யாரும் எழுதக் கூடாது. அந்த வார்த்தை இந்த கிளாஸ்ல கிடையாது” என்கிறாள். பெண்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரியில் எங்களுக்கு அந்த ஒரு வார்த்தைதான் இருக்கிறது. வேறொருவருக்குப் போட வேண்டிய டிரிப்பை அடுத்த கட்டிலுக்குப் போட்ட அன்று, நல்லவேளை வெறும் சலைன்தான், நர்சிங் சூப்பிரண்டு எழுதச் சொன்ன காரணம் கவனக்குறைவு. எழுதினோம், கையெழுத்துப் போட்டோம், எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிடப் போனோம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரே பெயரில் இரண்டு பேரைப் பக்கத்துப் பக்கத்தில் கிடத்தியது யார் என்று வந்திருக்கும். கவனக்குறைவு என்பது நல்ல போர்வை, அதற்குள் யார் வேண்டுமானாலும் படுத்துக்கொள்ளலாம், இங்கே அதையும் உருவிவிட்டாள்.

நான் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறேன். பெஞ்சு நீளம், எனக்கு இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் அபிஷா, அவளுக்கு அப்பால் இன்னொருத்தி, எழுந்து போக வேண்டுமென்றால் எல்லோரும் எழுந்திருக்க வேண்டும். கீழே பாத்திரக்கடை. யாரோ குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்குகிறார்கள், அந்த ஓசை படியேறி வந்து என் தலைக்குள் சுற்றுகிறது. நாகர்கோவிலில் சனிக்கிழமை மதியம் காற்றே கிடையாது, மின்விசிறி இருக்கிற காற்றையே திருப்பித் திருப்பி அடிக்கிறது. முதலில் எளிதான கோடுகள். ஆண்பால் பெண்பால் மாற்றி எழுதியிருக்கிறேன், மேசையைப் பெண்ணாக்கிவிட்டேன், ஜெர்மன்காரர்களுக்கு மேசை ஆண். ஏன் செய்தேன்? மேசைக்குப் பால் உண்டு என்று என் மனசு இன்னும் நம்பவில்லை. அதை அப்படியே எழுதுகிறேன். அபிஷா தன் தாளைக் காட்டி, “அக்கா, எனக்குக் குளிருதுன்னு எழுதினேன், அதுக்கும் கோடு” என்கிறாள். மேடம் வந்து குனிந்து பார்க்கிறாள். “நீ இங்கிலீஷ்ல யோசிச்சு எழுதியிருக்கே. ஐயாம் கோல்ட். ஜெர்மன்ல அப்படிச் சொன்னா நான் இரக்கமில்லாதவள்னு அர்த்தமாயிரும். நீ தமிழ்ல எப்படிச் சொல்லுவே?” “எனக்குக் குளிருது.” “எனக்கு. நான் இல்லை, எனக்கு. ஜெர்மனும் அப்படித்தான். தமிழ்லயே நெனைச்சிருந்தா சரியா வந்திருக்கும்.” அபிஷாவின் முகம் மலர்கிறது. ஒரு தப்புக்குள்ளே போய் அதன் அடியைத் தொட்டு வந்த முகம். எனக்கும் அப்படி ஒன்று கிடைத்தால் போதும் என்று அடுத்த கோட்டுக்கு வருகிறேன், வந்த இடத்தில் நிற்கிறேன்.

‘நீங்கள் ஏன் ஜெர்மனியில் வேலை செய்ய விரும்புகிறீர்கள்?’ என்பது கேள்வி. அதற்கு நான் எழுதியிருக்கிறேன்: இஷ் முஸ். நான் ஜெர்மனிக்குப் போயாக வேண்டும். அடுத்த வரியும் முஸ். நான் ஒரு சின்ன அறையில் தனியாக இருந்தாக வேண்டும். அதற்கடுத்த வரி, நான் பனியைப் பார்த்தாக வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து ஓரத்தில் ஒரே நீளக் கோடு. முதலில் சிரிப்பு வருகிறது. பனியைப் பார்த்தே தீர வேண்டும் என்று யார் என் கழுத்தைப் பிடிக்கிறார்கள்? அப்புறம் சிரிப்பு நின்றுவிடுகிறது. கட்டாயத்துக்கு முஸ், விருப்பத்துக்கு வில். இது முதல் லெவலில் முதல் மாதம் படித்த பாடம். பஸ்ஸில் நின்றுகொண்டு சொல்லிப் பார்த்திருக்கிறேன், குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது சொல்லிப் பார்த்திருக்கிறேன், இஷ் வில், டூ வில்ஸ்ட், தெரியும், நன்றாகத் தெரியும், தெரிந்த ஒன்று எப்படித் தப்பாகக் கையில் வந்தது? கையா எழுதியது? அந்த நேரத்தில் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன்? சின்ன அறை. ஒரு ஜன்னல், ஒரு கெட்டில், ஒரு கட்டில், கதவுக்குச் சாவி என்னிடம் மட்டும். டியூட்டி முடிந்து வந்து அந்தக் கதவைச் சாத்தினால் யாரும் தட்ட மாட்டார்கள். அதைத்தான் நினைத்தேன். நினைத்தபோது எவ்வளவு இனிப்பாக இருந்தது. அந்த இனிப்பில் இருந்துகொண்டே முஸ் என்று எழுதியிருக்கிறேன். வேண்டாம், இதைத் தோண்ட வேண்டாம், அவசரம் என்று எழுதிவிடலாம், அவசரமும் கவனக்குறைவும் ஒன்றுதானே, மேடம் விட மாட்டாள்.

போணும். வீட்டில் எல்லோரும் சொல்கிற சொல் அது. ஜெனோவா போணும். என் கணவன் ராபின்சன் தன் அண்ணனிடம் போனில், “என்ன செய்ய, அவ போணும், பிள்ளைக்கு ஒரு வழி வேணும்லா” என்பான். மாமியார் மீன் கழுவிக்கொண்டே, “பாவம், பிள்ளைய விட்டுட்டுப் போணுமே” என்பாள். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் எனக்காகத் தனியாக ஒரு மன்றாட்டு, தன் குடும்பத்துக்காகத் தன்னையே வருத்தும் இந்தத் தாய்க்காக. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்க்கும்போது நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். கூச்சம் அது. வார்டில் சிஸ்டர், சிஸ்டர் என்று கூப்பிடுவார்கள், வீட்டில் அம்மா, எடி, மருமகளே என்று கூப்பிடுவார்கள், குளியலறையில் இருந்தாலும் கதவுக்கு வெளியே யாராவது ஏதாவது கேட்பார்கள், சீனி எங்கே, என் சாக்ஸ் எங்கே. அவர்கள் மேல் கோபம் இல்லை. ராபின்சன் நல்லவன், எனக்குக் காய்ச்சல் வந்தால் அவன்தான் கஞ்சி வைப்பான். கெட்டவனாக இருந்திருந்தால் போக ஆசைப்படுவதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். ஒரு காரணமும் இல்லாமல் ஒருத்திக்கு எங்கேயாவது தூரமாகப் போக ஆசையாக இருக்குமா? இருக்கிறது. படிப்பு முடித்த வயசிலிருந்தே இருக்கிறது. அதை எடுத்து வெளியே வைக்க இடம் இல்லை. அன்றைக்கு ஆன்ஸி பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றாமல் வந்து கேட்டாள், “நீ போயித்தான் ஆகணுமாம்மா?” ஏழாம் வகுப்பு படிக்கிற பிள்ளை, கேள்வியைப் பஸ்ஸிலேயே யோசித்துக்கொண்டு வந்திருக்கிறாள். நான் சொன்னேன், “என்ன மக்ளே செய்ய, போயித்தான் ஆகணும்.” சொல்லிவிட்டு அழுதேன். அழுகை தானாகத்தான் வந்தது. அவள் என் முகத்தைத் தன் யூனிபார்மால் துடைத்து, “அழாதம்மா, நான் இருந்துக்கிடுவேன், நீ பயப்படாம போ” என்றாள். தேற்றினாள். எனக்குப் பிடிக்காத ஒன்றை அவளுக்காகச் செய்யப் போகிறேன் என்று நம்பி, தன் அழுகையை நிறுத்திக்கொண்டு என்னைத் தேற்றினாள். நான் தேறின மாதிரி காட்டிக்கொண்டேன். அந்த யூனிபார்மின் ஈரம் இப்போதும் கன்னத்தில் இருக்கிறது, மின்விசிறிக்காற்று அதைக் காயவைக்க மாட்டேன் என்கிறது.

“ஜோடி ஜோடியா மாத்திக்கிங்க. ஒருத்தர் தாளை இன்னொருத்தர் பாருங்க. ஏன்னு மட்டும் கேளுங்க, விடை சொல்லாதீங்க” என்கிறாள் மேடம். அபிஷா என் தாளை எடுத்துக்கொள்கிறாள். தடுக்கக் கை நீள்கிறது, நீட்டிய கையால் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்கிறேன். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருப் பெண். அவள் அம்மாவும் நானும் ஒரே அன்பியம். “அக்கா, இது என்ன, எல்லாத்துக்கும் முஸ்? பனியைப் பாத்தே ஆகணுமா?” சத்தமாகச் சிரிக்கிறாள். “ஏன்கா இப்படி எழுதினீங்க?” தண்ணீர் குடிக்கிறேன். தொண்டையில் இறங்கும் நேரத்துக்குள் ஒன்று கிடைத்துவிடுகிறது, அபிஷாவின் குளிரிலிருந்தே கிடைத்துவிடுகிறது. “நான் தமிழ்ல யோசிச்சிட்டேன். நாம போணும்னா ரெண்டுந்தானே. கட்டாயமா இருந்தாலும் போணும், ஆசையா இருந்தாலும் போணும். ஒரே சொல். அதான் குழம்பிருச்சு.” அபிஷா வாயைத் திறந்து பார்க்கிறாள். “மேடம், இங்க வாங்க, அக்கா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காங்க.” மேடம் வருகிறாள், கேட்கிறாள், கண் விரிகிறது. “அருமை அக்கா. எல்லாரும் கவனிங்க.” பலகையில் வேண்டும் என்று தமிழில் பெரிதாக எழுதி, அதிலிருந்து இரண்டு கோடு பிரித்து, ஒன்றின் கீழே முஸ், ஒன்றின் கீழே வில். கை தட்டுகிறார்கள். எனக்கு உடம்பு லேசாகிறது. தப்பித்தேன். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே, யாரிடம் கேட்டாலும் சரி என்பார்கள், இனி இந்த வரியை அழித்து எழுதிவிட்டு அடுத்த கோட்டுக்குப் போகலாம்.

அபிஷா தாளைக் கீழே வைக்கவில்லை. மேலிருந்து மறுபடி படிக்கிறாள், விரல் வைத்துப் படிக்கிறாள், நல்ல மாணவி, எனக்கு அந்த விரலைப் பிடித்து மடக்க வேண்டும் போலிருக்கிறது. “ஆனா மேடம், இங்க பாருங்க. நோயாளிக்குத் தண்ணி வேணும், அதுக்கு வில் போட்டிருக்காங்க. மகள் டாக்டராகணும்னு ஆசைப்படுறா, அதுக்கும் வில். வீட்டுக்காரருக்குக் கடை வைக்கணும், வில். எல்லாருக்கும் சரியா வந்திருக்கு. அக்காவுக்கு மட்டுந்தான் முஸ்.” அவள் எதையும் குத்திக்காட்டவில்லை, தேர்வுத்தாளைத்தான் பார்த்தாள், அதில் இருப்பதைச் சொன்னாள். மேடம் தாளை வாங்கிப் பார்க்கிறாள். கீழே குடத்தின் ஓசை நின்றிருக்கிறது. “ஆமா. தமிழ்தான் காரணம்னா எல்லா இடத்துலயும் தப்பா வந்திருக்கணுமே” என்கிறாள், கணக்குப் பார்க்கிற குரலில். பிறகு என்னைப் பார்க்கிறாள். என் முகத்தில் என்ன கண்டாளோ, ஏன் என்று கேட்கவில்லை. பெஞ்சு, சுவர், அபிஷாவின் முழங்கை. மயக்கம் வருகிறது என்று சொன்னால் விட்டுவிடுவார்கள், தண்ணீர் தெளிப்பார்கள், ராபின்சனுக்குப் போன் போகும், பாவம், படிப்பு, வீடு, வேலை, எல்லாம் அவள் தலையில் என்பார்கள், மறுபடி அந்தப் போர்வை. “சரிக்கா, காரணம் அப்புறம் பார்த்துக்கலாம். சரியான வாக்கியத்தை வாயால சொல்லிருங்க. பரீட்சைக்கு இதைவிடப் பணிவான சொல் ஒண்ணு இருக்கு, அது பிறகு. முதல்ல இது வரட்டும். வில் வச்சு.” எழுந்து நிற்கிறேன், நிற்கவும் முழுசாக இடமில்லை, முழங்கால் மேசையில் இடிக்கிறது. இஷ் வில் என்கிறேன். இஷ் வில் தண்ணீர் குடிக்க. “அது சரி. உங்க வரியைச் சொல்லுங்க.” இஷ் வில். வாய் அங்கே நிற்கிறது. அந்நிய மொழிதானே, இங்கே யாருக்கு நோகப் போகிறது, கிளி மாதிரிச் சொல்லிவிட்டு உட்காரலாம். ஆனால் இத்தனை வருஷமாக எந்த மொழியிலும் நான் இதைச் சொன்னதில்லை என்பது அந்த நொடியில்தான் தெரிகிறது, ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூடச் சொன்னதில்லை, ஆசைப்படுவது பாவமா என்று தெரியாததால் சொன்னதில்லை. “மெதுவா” என்கிறாள் நித்திலா. நான் ஜெர்மனிக்குப் போக விரும்புகிறேன். சொல்லிவிட்டேன். நான் ஒரு சின்ன அறையில் தனியாக இருக்க விரும்புகிறேன். நான் பனியைப் பார்க்க விரும்புகிறேன். குரல் போகப் போகப் பெரிசாகிறது, வேறு யாருடைய குரலோ போல, கடைசி வரியில் உடைந்துவிடுகிறது. யாரும் கை தட்டவில்லை. அபிஷா நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள். “அக்கா, எங்கம்மா உங்களை நெனைச்சு ஜெபத்துல எத்தனை நாள் அழுதிருக்காங்க தெரியுமா?” என்கிறாள் மெதுவாக. தெரியும் என்று சொல்கிறேன். அவள் தாளை என் பக்கம் தள்ளிவிட்டுத் தன் பேனாவை மூடுகிறாள். ஏன் இந்தத் தப்பைச் செய்தேன் என்ற இடத்தில் எழுத வேண்டும். எழுதுகிறேன், தமிழில், சின்ன எழுத்தில்: எனக்கு வேண்டும் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நித்திலா படித்துவிட்டு ஓரத்துக் கோட்டை ரப்பரால் அழிக்கிறாள். அழித்த இடம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது.

படியிறங்குகிறேன். சொல் மாறிவிட்டது, வேறு எதுவும் மாறவில்லை. இன்று இரவுக்குள் அபிஷா தன் அம்மாவிடம் சொல்லுவாள், நாளை கோவிலில் சில முகங்கள் திரும்பும், ராபின்சன் காதுக்கு வரும், எல்லோருக்கும் பிறகு ஆன்ஸி காதுக்கும் வரும், வேறு யார் வாயிலிருந்தோ வரும். பாத்திரக்கடை வாசலில் ராபின்சன் பைக்கை நிறுத்திவிட்டு எதிர்க்கடையில் பூண்டு வாங்கிக்கொண்டிருக்கிறான். ஆன்ஸி பைக்கின் மேல் உட்கார்ந்து கால் ஆட்டுகிறாள். “டெஸ்ட் தாள் குடுத்தாச்சாம்மா? எத்தனை தப்பு?” அவள் பள்ளியில் அதுதான் கேள்வி. ஒன்றுமில்லை என்று சொல்லலாம். மேசையின் கதையைச் சொல்லிச் சிரிக்க வைக்கலாம், நன்றாகச் சிரிப்பாள். “மக்ளே,” என்கிறேன், “போயித்தான் ஆகணும்னு அன்னைக்கு ஒங்கிட்ட சொன்னேம்லா. அது தப்பு. யாரும் என்னைப் போகச் சொல்லல. எனக்குப் போக ஆசையா இருக்கு. ரொம்ப நாளா ஆசை.” ஆட்டின கால் நிற்கிறது. “எனக்காக இல்லையா?” “ஒனக்காகவும்தான். ஆனா நீ இல்லாட்டாலும் எனக்கு ஆசை இருந்திருக்கும்.” இதைச் சொல்லியிருக்க வேண்டாமோ, சொல்லியாயிற்று, சைக்கிள்கள் மணியடித்துப் போகின்றன, அவள் என் முகத்தையே பார்க்கிறாள், துடைக்க அதில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறாள். “அப்ப அன்னைக்கு ஏன் அழுத?” “ஒன்னை விட்டுட்டுப் போறதுக்கு அழுதேன். அதும் நெசந்தான்.” ராபின்சன் பூண்டுப் பையோடு வந்து, “என்ன ரெண்டு பேரும் ரோட்டுல நின்னு மாநாடு? ஏறுங்க” என்று வண்டியை உதைக்கிறான். எப்போதும் ஆன்ஸி நடுவில் உட்கார்ந்து பின்பக்கமாக என் மேல் சாய்ந்துகொள்வாள், வீடு வரும்வரை அவள் தலை என் கழுத்தின் கீழே ஆடிக்கொண்டிருக்கும். இன்று அவள் நன்றாக முன்னால் தள்ளி உட்கார்ந்து அப்பாவின் முதுகில் முகத்தை வைத்துக்கொள்கிறாள். அவளுக்கும் எனக்கும் நடுவே சீட்டின் கறுப்பு ரெக்ஸின் தெரிகிறது, வெயிலில் சுட்டுக் கிடக்கிறது. நான் பின்னால் ஏறி உட்காருகிறேன். கையை அவள் தோளில் வைக்கலாமா என்று ஒரு கணம் தூக்கி, வைக்காமல், பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். வண்டி கிளம்புகிறது.